சேர்வராயன் மலையில் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்குவது எப்படி

சேலத்தில் குடிநீர் வேலை பார்ப்பவருக்குத் தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் பாடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு பக்கம் போனால் கணக்கு தலைகீழ். ஊருக்கு மேலே ஊற்று இருக்கிறது. மோட்டார் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கும். அப்படி இறக்கிய திட்டங்கள் இரண்டு மூன்று வருஷத்தில் படுத்துக்கொள்கின்றன என்றால், ஒன்று ஊற்றுக்கண்ணில் அவசரப்பட்டிருப்பார்கள், இல்லையென்றால் குழாயில் கூடிய அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். மலையில் அழுத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் குறைக்கத்தான் செலவு. கீழே சொல்வது ஐம்பது, அறுபது வீடு உள்ள மலைக் கிராமத்துக்கான வேலை.

எந்த மாதம், எப்படி அளப்பது

இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்னும் கெட்டிக் கருங்கல். வெடிப்புகளைத் தவிர அதில் தண்ணீர் தங்க இடமில்லை. உச்சித் தட்டுகளில் பாறை உளுத்து, செம்பூரான் கல்லாகவும் பாக்சைட்டாகவும் ஆகிக் கிடக்கிறது. மழையைப் பிடித்து வைப்பது அந்த உளுத்த மண்தான். அது முடிந்து பாறை தொடங்கும் மட்டத்தில், சரிவின் மடிப்புகளில் ஊற்று கசிகிறது. அதனால்தான் ஒரு ஊற்றைக் கண்டால் அதே மட்டத்தில் பக்கத்து மடிப்பிலும் தேடச் சொல்வது. ஊற்றுக்கு மேலே ரோடு வெட்டினாலோ போர் போட்டாலோ கீழே வரத்துக் குறைவதும் இதனால்தான்.

டிசம்பரில் அளந்து திட்டம் போட்டால் ஏப்ரலில் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அக்டோபர், நவம்பர் மழையின் வரத்து அப்போது இன்னும் வடிந்திருக்காது. மார்ச் முழுக்கவும், காப்பிப் பூவை எழுப்பும் கோடை மழை இறங்கும் வரையிலும் வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். அதில் வரும் மிகக் குறைந்த அளவை வைத்துத்தான் கணக்கு. ஒரு கோடைதான் அளக்க முடிந்தது என்றால், 'எந்த வருஷமாவது இது வற்றியதா' என்று அந்த ஊரின் வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் 'வற்றவே வற்றாது' என்பார்கள். குடம் எடுத்துப் போனவர்களுக்குத்தான் எந்த வருஷம் வரிசையில் நின்றோம் என்பது நினைவிருக்கும்.

அளக்க ஒரு பக்கெட்டும் போனில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும். ஆனால் கடையில் '10 லிட்டர்' என்று விற்ற பக்கெட் விளிம்பு வரை 10 லிட்டர்தான் என்று நம்பாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். கசிவை எல்லாம் ஓரிடத்துக்குத் திருப்பக் களிமண் வரப்பும், பாதியாகப் பிளந்த பிவிசி குழாயும் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் வாழைமட்டை. வரப்பு கட்டியதும் அளக்கக் கூடாது. பின்னால் தேங்கிய தண்ணீர் நிதானத்துக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். ஐந்து முறை பிடித்துச் சராசரி எடுங்கள். 10 லிட்டர் நிறைய 40 விநாடி ஆனால், வரத்து விநாடிக்கு 0.25 லிட்டர்.

பக்கெட் ஐந்து விநாடிக்குள் நிறைந்தால் அந்த முறை சரிப்படாது. 90 டிகிரி முக்கோண வெட்டு வெட்டிய தகரத் தடுப்பை வையுங்கள். வெட்டின் அடி முனைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் 3 செ.மீ. என்றால் விநாடிக்குச் சுமார் 0.2 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.77, 7 செ.மீ. என்றால் 1.8, 10 செ.மீ. என்றால் 4.4. உயரத்தை வெட்டின் வாயில் அளக்காதீர்கள், அங்கே தண்ணீர் தாழ்ந்துதான் விழும். அந்த உயரத்தைப் போல நாலு மடங்கு தூரம் பின்னால் தள்ளி, குச்சி நட்டு அளக்க வேண்டும்.

தேவைக் கணக்கு

ஜல் ஜீவன் திட்டக் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். 60 வீடு, 240 பேர் என்றால் 13,200 லிட்டர். மாடு ஒன்றுக்கு 40 லிட்டர் வீதம் 30 மாட்டுக்கு 1,200. பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என்று சேர்த்து 15,000 என்று வையுங்கள். விநாடிக்கு 0.25 லிட்டர் வரத்து என்பது நாளைக்கு 21,600 லிட்டர். ஆக, குழாயில் 0.2 லிட்டர் இறக்கினால் நாளைக்கு 17,280 லிட்டர் வரும், போதும். மீதியை ஓடைக்கு விடுங்கள். ஓடைக்குக் கீழே யாரோ ஒருவரின் மிளகுக்கொடியும், யாரோ ஒருவரின் மாடும் அதை நம்பி இருக்கும்.

மட்டம் எடுப்பது

ஊற்றுக்கும் தொட்டி கட்டப்போகும் இடத்துக்கும் எத்தனை மீட்டர் இறக்கம் என்பதில்தான் மொத்த வேலையும் நிற்கிறது. இங்கே போனையும் கூகுள் எர்த்தையும் நம்பிக் கெட்டவர்கள் அதிகம். கூகுள் எர்த்தின் உயரம் கிராமப்புறங்களில் பெரும்பாலும் ரேடார் தரவிலிருந்து வருவது. சில்வர் ஓக் தோப்பில் அது காட்டுவது தரைக்கும் மர உச்சிக்கும் நடுவில் ஏதோ ஒரு உயரம். போனின் ஜிபிஎஸ் மரநிழலில் பத்து, இருபது மீட்டர் ஏறி இறங்கும்.

காற்றழுத்தமானி உள்ள போன் கொஞ்சம் தேவலை. ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் உயரம் சுமார் 10 மீட்டர் மாறியதாக அர்த்தம். கீழே சேலத்தில் சுமார் 9 மீட்டர். ஆனால் நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணியை ஒட்டி உச்சத்துக்குப் போய், மாலை 4 மணியை ஒட்டி 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். காலையில் ஊற்றிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரிலும் அளந்தால், இருக்கும் இறக்கத்தில் 30 மீட்டர் வரை கணக்கில் காணாமல் போய்விடும். அரை மணி நேரத்துக்குள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து வித்தியாசத்தைக் கழித்தால், தோராயப் பாதை பார்க்க அது உதவும். அதற்கு மேல் உதவாது.

கடைசிக் கணக்குக்குக் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப்பே போதும். 8 அல்லது 10 மி.மீ. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் 15 மீட்டர், 3 மீட்டர் நீளத்தில் செ.மீ. குறித்த இரண்டு கம்பு, இரண்டு ஆள். டியூப்பை வாயால் ஊதி நிரப்பக் கூடாது. பக்கெட்டை உயரத்தில் வைத்து, ஒரு முனையை முக்கி, மறுமுனையில் ஒரு முறை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஓடட்டும் என்று விட வேண்டும். பிறகு முழு நீளத்தையும் தரையில் நீட்டி, விரலால் தட்டிக்கொண்டே போங்கள். கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டம் பொய் சொல்லும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை கலந்தால் பனிமூட்டத்திலும் குமிழி தெரியும். தொடங்கும் முன் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள்; இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் கம்பில் 20 செ.மீ., கீழே இருப்பவர் கம்பில் 2 மீட்டர் 60 என்றால் அந்த எட்டில் இறக்கம் 2 மீட்டர் 40. இருவரும் சத்தமாகச் சொல்லி, மூன்றாம் ஆள் எழுத வேண்டும். கீழே இருப்பவர் அசையாமல் நிற்க, மேலே இருப்பவர் அவரைக் கடந்து இறங்குவதுதான் முறை. இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் அந்த எட்டு போயிற்று, முதலிலிருந்து வர வேண்டும். 110 மீட்டர் இறக்கத்துக்கு ஐம்பது எட்டுக்குக் குறையாது. அப்படியே திரும்பி ஏறியும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 30 செ.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை.

வேலை நேரம் காலை எட்டிலிருந்து நாலு வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. விடியலிலும் பொழுது சாயும்போதும் காட்டெருமை ஓடைக்கு வரும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பது கூடத் தெரியாது. பேசிக்கொண்டே நடங்கள், தனியாகப் போகாதீர்கள்.

ஊற்றுக்கண்ணைத் திறப்பது

தோண்டும் முன் இரண்டு விஷயம். ஒன்று, ஊற்றடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, பூசை போட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். பிறகு வரத்துக் கொஞ்சம் குறைந்தாலும் 'சாமி குத்தம்' என்று திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள். இரண்டு, நிலம் யாருடையது என்பது. எஸ்டேட் பட்டா என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வன நிலம் என்றால் 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) குடிநீர்க் குழாய்க்கு இடம் கொடுக்கிறது. பரப்பு ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபைத் தீர்மானம் வேண்டும்.

தோண்டுவது கீழிருந்து மேலே. ஈரம் தெரியும் இடத்துக்குக் கீழே வாய்க்கால் வெட்டி, தண்ணீர் எப்போதும் வடிந்துகொண்டே இருக்கும்படி, வரும் வழியைப் பின்தொடர்ந்து சரிவுக்குள் போக வேண்டும். மண் கலங்கி வந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் சட்டென்று தெளியும். பாறை வெடிப்பிலோ சரளையிலோ இருந்து நேராக வருகிறது என்று அர்த்தம். அங்கே கடப்பாரையை நிறுத்திவிடுங்கள். 'இன்னும் ரெண்டு அடி போனா கூட வரும்' என்று குத்துவதும், வெடி வைப்பதும் வேறு வெடிப்பைத் திறந்துவிட்டு, இருப்பதையும் கீழே இறக்கிவிடும்.

கண்ணுக்கு முன்னால் சிமெண்ட் இல்லாத கல்லடுக்குச் சுவர். கல்லடுக்குக்கும் பாறைக்கும் நடுவில் கழுவிய 40 மி.மீ. கருங்கல் ஜல்லி. அதன் மேல் பாலித்தீன் தாள், அதற்கு மேல் மிதித்துக் குழைத்த களிமண் 15 செ.மீ., பிறகு தோண்டிய மண். கல்லடுக்குக்கு வெளியே ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் சிமெண்ட் தொட்டி. இங்கே சேமிக்க வேண்டியதில்லை, பெரிய தொட்டி கட்டுவது வீண் செலவு. தொட்டியில் மூன்று குழாய்: தரைமட்டத்தில் கழிவுக்கு 50 மி.மீ., தரையிலிருந்து 15 செ.மீ. மேலே சல்லடை வைத்து ஊருக்குப் போகும் குழாய், மேலே நிரம்பி வழிய ஒன்று.

அந்த வழியும் குழாய்தான் இந்த மொத்த அமைப்பின் உயிர். அது ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தொட்டி உயரமாக இருந்தால் பிரஷர் கூடும் என்று அதை மேலே வைத்தால், கண்ணின் மேல் தண்ணீர் நிற்கும். அந்த எதிரழுத்தத்தில் ஊற்று வேறு வழி தேடிக்கொண்டு, இருபது முப்பது அடி தள்ளி வெளியே வரும். தொட்டியை உடைத்தாலும் சில சமயம் பழைய வழிக்குத் திரும்புவதில்லை. வழியும் குழாயின் குறுக்களவு ஐப்பசி மழை வரத்தைத் தாங்க வேண்டும், 75 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் தவளையும் நண்டும் குடிபுகும். மேலே 10 மீட்டர் தள்ளி மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், சுற்றி முள்வேலி. ஊற்றுக்கு மேல்சரிவில் 30 மீட்டருக்குள் கழிப்பறை, மாட்டுக்கொட்டகை, மருந்தடிப்பு எதுவும் கூடாது. காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் கழிவுநீர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

குழாய்: சின்னதே நல்லது

கணக்குக்கு ஒரு உதாரணம். ஊற்றிலிருந்து தொட்டி வரை 1,800 மீட்டர் தூரம், 110 மீட்டர் இறக்கம், ஓட்டம் 0.2 லிட்டர். 32 மி.மீ. ஹெச்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாயில், உள்விட்டம் 28 மி.மீ. என்று கொண்டால், 100 மீட்டருக்கு உராய்வு இழப்பு சுமார் 0.6 மீட்டர். மொத்தம் 11 மீட்டருக்குள். 110 இருக்கும் இடத்தில் 11 போனால் என்ன? 'எதுக்கும் 63 போட்டுருவோம்' என்பார் காண்ட்ராக்டர். 40 மி.மீ. போட்டாலே வேகம் விநாடிக்கு 0.2 மீட்டருக்குத்தான் வரும்; வண்டல் தங்க ஆரம்பிக்கும். 32-இல் 0.3க்கு மேல் வரும். ஹெச்டிபிஇ-யில் சொல்லும் அளவு வெளிவிட்டம் என்பதையும், ஜிஐ-யில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சொல்வது உள்விட்டத்தை ஒட்டியது என்பதையும் மறந்துவிட்டு இணைப்பு வாங்கினால், கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டியதுதான்.

இப்போது அழுத்தம். குழாயில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் குறைவு. கீழே வால்வை மூடியதும் முழு இறக்கமும் சுமையாக ஏறும். 10 மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் 110 மீட்டருக்கு 11 கிலோ. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய குழாய் ராத்திரி வெடிப்பதன் ரகசியம் இதுதான். 32 மி.மீ.யில் பிஎன் 10, அதாவது 10 கிலோ அழுத்தம் தாங்கும் ரகம், வாங்குங்கள். பிஎன் 6-ஐ விட விலை கொஞ்சம்தான் கூட, முள்ளம்பன்றிப் பல்லுக்கும் கல்லுக்கும் தடித்த சுவர் தாங்கும். நடுவில், 55 மீட்டர் இறக்கத்தில் ஓர் அழுத்தம் உடைக்கும் தொட்டி. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் இருந்தால் போதும், உள்ளே மிதவை வால்வு, வெளியே திறந்த வழிவுக் குழாய். தண்ணீர் காற்றைத் தொட்டதும் அழுத்தம் பூஜ்யம் ஆகிவிடும், அங்கிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.

மிதவையில் மணல் சிக்கினால் தண்ணீர் வழியும். 'வீணாப் போகுது' என்று யாராவது நல்லெண்ணத்தில் வழிவுக் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மூடியையும் பூசிவிடுவார்கள். அன்றோடு அது தொட்டி இல்லை, வெறும் குழாய்தான். அடுத்த நாள் கீழே வெடிக்கும். வழிவதைக் கண்டால் மிதவையைக் கழற்றிக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று பலரும் விடுவது. இந்த இறக்கத்துக்கு 32 மி.மீ. குழாய் விநாடிக்கு 0.7 லிட்டர் வரை இழுக்கும். ஊற்று கொடுப்பது 0.25. திறந்து விட்டால் குழாய் நிறையாமல் காற்றையும் சேர்த்து உறிஞ்சி, இருமி இருமித் தண்ணீர் விடும். உடைக்கும் தொட்டியிலும் ஊர்த் தொட்டியிலும் நுழையும் இடத்தில் ஒரு குளோப் வால்வு போட்டு, 0.2 லிட்டர் வரும்வரை இறுக்கி, கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பாதை ஏறி இறங்கும் இடங்களில், மேட்டில் டி போட்டு ஒரு 15 மி.மீ. குழாய்வாய், பள்ளத்தில் கழிவு வால்வு. மேட்டில் சிக்கிய காற்று தண்ணீரை அப்படியே நிறுத்திவிடும். அடைப்பு என்று எண்ணிக் குழாயை வெட்டும் முன் மேட்டுக் குழாய்வாயைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் வந்தால் வேலை முடிந்தது.

குழாய் சுருளாக வருவதால் குட்டியானையில் கொண்டை ஊசிகளை ஏறிவிடும். 6 மீட்டர் ஜிஐ நீளங்கள்தான் வளைவில் படுத்தும். பாறை மேல் போகும் பகுதிக்கும் ஓடை தாண்டும் இடத்துக்கும் மட்டும் அதை வாங்குங்கள். காலைக் குளிரில் சுருள் விறைத்து நிற்கும். வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுப் பிரியுங்கள். ஆனால் இணைப்பை மத்தியான வெயிலில் போடாதீர்கள். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 100 மீட்டர் குழாய் ஒன்றரை சாண் சுருங்கும்; ராத்திரியில் இணைப்பு உருவிக்கொள்ளும். பள்ளத்தில் பாம்பு போல நெளித்துப் போட்டு, மறுநாள் காலையில் இணைத்து மூடுவது சரி. கரண்ட் இல்லாத இடத்தில் கம்ப்ரெஷன் கப்ளர்தான் நம்பகம். ஆழம் 60 செ.மீ. அதை விட ஆழம் குறைவாக இருந்தால் காட்டுப்பன்றி ஈரத்துக்குத் தோண்டும், காப்பித் தோட்டத்து மண்வெட்டியும் இறங்கும். 50 மீட்டருக்கு ஒரு அடையாளக்கல் நடுங்கள்.

தொட்டியும் குளோரினும்

பாதித் தண்ணீர் காலை மூன்று மணி நேரத்தில் செலவாகும், ராத்திரி ஓட்டம் சேர வேண்டும். அதனால் 10,000 லிட்டர் தொட்டி. ஊற்றுத் தண்ணீர் தெளிவாக, சப்பென்று இருக்கும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் குறைவாகக் காட்டியதும் சுத்தம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும் சோதனைக் குப்பி வைத்துப் பாருங்கள். மார்கழிக் குளிரில் குப்பியை ஜன்னலில் வைத்தால் கிருமி இருந்தும் கறுக்காது. அடுப்பங்கரை வெதுவெதுப்பில் 48 மணி நேரம் வைக்க வேண்டும். பிஹெச் 6.5க்குக் கீழே இருந்தால் ஜிஐ பகுதி அரிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், 10,000 லிட்டருக்கு 40. பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் திறந்து, கடைசி வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப் (மிச்சக் குளோரினை நிறத்தால் காட்டும் கருவி) லிட்டருக்கு 0.2 மி.கி. காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அளவைக் கூட்டும் முன் பவுடரைச் சந்தேகப்படுங்கள். மலையின் ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை சீக்கிரமே வெறும் சுண்ணாம்பாகிவிடும். சின்னப் பொட்டலமாக வாங்கி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டும்.

தொட்டி பார்ப்பவர் வீட்டில் 32 மி.மீ. கப்ளர் ஆறு, குழாய் 20 மீட்டர், ஒரு மிதவை வால்வு, ரம்பம், டெஃப்லான் டேப், பக்கெட் அளவு எழுதும் நோட்டு இருக்க வேண்டும். சேலத்துக்கு இறங்கி வாங்கி வர ஒரு நாள் கூலி போய்விடும்.